வேட்டிக்கு என்ன நிறம்?

ரொறன்ரோவிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் தமக்கையின் மகன், வந்த மறுநாட் காலையே எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய பத்திரிகைத் தாளை விரித்து, அதன்மேல் ஒரு படையை நிறுத்தினான். படையாள் ஒவ்வொருவனும் ஓர் அங்குல உயரம். நரை நிறப் பிளாஸ்ரிக்கில் வார்த்த உருவங்கள். துவக்கு ஏந்தியோர், ஈட்டி பிடித்தோர், குதிரைமேல் இருப்போர், பீரங்கியின் பக்கத்தில் குனிந்து நிற்போர். அவற்றின் முன்னே பெருவிரலளவான வர்ணப் புட்டிகள் வரிசையாக நின்றன. மயிரிழை போலக் கூர்ந்த நுனியுடைய தூரிகைகள் மூன்று. பையனுக்கு வயது பதினான்கு.

"மாமா, யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையைச் செய்யப் போறன். 1658. பறங்கியள் உள்ளுக்கு, ஒல்லாந்தர் வெளியில. எங்கட ஆக்கள் என்ன நிறத்தில உடுத்தினவை?"

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றவன் நான். பத்தாண்டுக்கு மேலாக மேல்வகுப்புகளுக்குத் தமிழும், ஆசிரியர் இல்லாத தவணைகளில் வரலாறும் கற்பித்து வருபவன். ஆயினும் அந்தக் கேள்விக்கு உடனே மறுமொழி சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த மூன்று வாரமும் எங்கள் வீட்டு மாலைப்பொழுதுகள் அந்தக் கேள்வியைச் சுற்றியே கழிந்தன. ஒரு பொம்மையின் இடுப்புத் துணிக்கு நிறம் தேடப் புகுந்து, என் வகுப்பறையைப் பற்றி நான் அறிய விரும்பாத சிலவற்றையும் அறிய நேர்ந்தது. அதனை மறைப்பதில் எவருக்கும் பயனில்லை என்பதால் எழுதுகின்றேன்.

முதலில் என் மனம் இந்த விளையாட்டுக்கு இசையவில்லை. போரைக் கண்ட ஊரில் இருந்துகொண்டு போரை விளையாடுவதா? 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நடந்தபோது எனக்கு ஏழு வயது. தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் நாங்கள் ஒதுங்கியிருந்த நாட்களில், யாரோ ஒரு தொண்டர் பிள்ளைகளுக்கு நிறப் பென்சிற் பெட்டிகள் கொண்டுவந்து தந்தார். எல்லாருடைய பெட்டியிலும் முதலில் தேய்ந்து தீர்ந்தது பச்சை. நாங்கள் மரங்களை வரைந்தோம் என்று எண்ணிவிட வேண்டாம். எங்கள் படங்களில் துவக்கோடு நின்றவர்கள் எல்லாரும் பச்சையாகவே நின்றார்கள். அதற்கடுத்துத் தீர்ந்தது சிவப்பு.

மருமகன் விளையாடக் கேட்ட கோட்டையும் 1658இல் மாத்திரம் முற்றுகை கண்ட கோட்டை அன்று. 1990இல், உள்ளே இராணுவமும் வெளியே விடுதலைப் புலிகளுமாக, மாதக்கணக்கில் அதே மதில்களைச் சுற்றி முற்றுகை நடந்தது. அந்தக் குண்டுகளின் ஓசையில் அவன் தாய் பதுங்குகுழிக்குள் இருந்து பாடம் படித்தாள். அவனுக்கு அவையெல்லாம் தாய் சொன்ன கதை. எனக்கு அவ்வாறு அன்று.

எனினும், அவன் அந்த ஓரங்குல மனிதன் ஒருவனை எடுத்து வேலை செய்வதைப் பார்த்திருந்தபோது என் வெறுப்புச் சற்றுத் தணிந்தது. ஓர் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். முதலில் அடிப்பூச்சு, வீட்டுச் சுவருக்குப் பூசுவோர் 'பிறைமர்' என்பார்களே, அதே. அது காய்ந்தபின் தோலுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று, தோல்வாருக்கு ஒன்று என நிறங்கள். பின்னர், கருமையும் மண்ணிறமும் கலந்து நீர்போலக் கரைத்த ஒரு மையை உருவம் முழுவதிலும் தடவுகிறான். அது துணி மடிப்புகளிலும் விரல் இடுக்குகளிலும் கண்குழிகளிலும் தானே வழிந்து தங்குகிறது. அந்தக் கணத்தில், அதுவரை பொம்மையாக இருந்தது முகமுடைய ஆளாகிவிடுகிறது. இவ்வளவு நேரம் கையில் வைத்து முகம் தந்த ஒருவனை, பகடை உருண்டது என்பதற்காக "செத்தான்" என்று எடுத்து அப்புறம் வைக்கும்போது பையனின் கை சற்றுத் தயங்குவதையும் கண்டேன்.

இந்த ஆட்டத்தின் வரலாறும் அத்தகைய இருமுகம் உடையதே. நால்வகைப் படையைப் பலகைமேல் நிறுத்திய சதுரங்கம் நமது துணைக்கண்டத்தில் தோன்றியது. 1824இல் புருசிய நாட்டு இராணுவ அதிகாரியான ரைஸ்விற்ஸ் என்பவர், தேசப்படத்தின்மேல் சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகளை நகர்த்தி அதிகாரிகளைப் போருக்குப் பயிற்றும் ஆட்டமொன்றை வெளியிட்டார். அங்கே நிறங்கள் இரண்டே: நம்மவன், மாற்றான். 1913இல் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர், சோசலிசக் கொள்கையிற் பற்றுடையவர், ஈயச் சிப்பாய்களை வைத்து வீட்டுத் தரையில் ஆடும் முறையொன்றை வகுத்து ஒரு சிறு நூல் எழுதினார். பொம்மைப் போரை ஆடிப் பார்த்தவனுக்கு மெய்ப்போரின் மடமை விளங்கும் என்பது அவர் நம்பிக்கை. அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. இலட்சக்கணக்கான இளைஞரைச் சாவுக்கு அனுப்பிய தளபதிகளுக்கு அந்த நூலால் ஒன்றும் விளங்கியதாகத் தெரியவில்லை. ஆயினும் அவரது எண்ணம் பிழையானதென்று நான் சொல்லமாட்டேன்.

ஆகவே மருமகனின் கேள்விக்கு விடை தேட இசைந்தேன். முதலில் ஐரோப்பியரின் நிறம். "பறங்கியருக்கு ஒரு நிறம், ஒல்லாந்தருக்கு ஒரு நிறம் சொல்லுங்கோ" என்றான். அவன் கற்பனையில் படை என்றாற் சீருடை. ஆனால் 1658இல் சீருடை என்னும் வழக்கம் ஐரோப்பாவிலேயே முளைவிட்டுக்கொண்டிருந்த காலம். 1645இல் இங்கிலாந்தின் பாராளுமன்றப் படை செந்நிற மேலங்கியைப் பொதுவாக ஏற்றது. பிற நாட்டுப் படைகள் பலவற்றில் அது பரவியது பிந்தியே. கடல் கடந்து வந்த கம்பனிச் சிப்பாய், கையிற் கிடைத்ததை உடுத்தினான்; கிழிந்ததைத் தைத்து உடுத்தினான். யார் எந்தப் பக்கம் என்பதைக் கொடியாலும் இடைக்கச்சையாலும் அறிந்துகொண்டார்கள். மூன்று மாதத்திற்கு மேல் நீடித்த முற்றுகையின் பின், பசியாலும் நோயாலும் நலிந்து, 1658 யூன் மாதத்திற் கதவைத் திறந்து சரணடைந்த போர்த்துக்கேயரின் உடையில் எந்த நிறம் எஞ்சியிருக்கும்? "எல்லாத்துக்கும் மேல மண்ணைப் பூசு" என்றேன். பையனுக்கு ஏமாற்றம். வர்ணப் புட்டிகளை இத்தனை தூரம் சுமந்து வந்தவன் அல்லவா?

படம் ஏதும் இல்லையா என்றான். உண்டு. முற்றுகைக் காலத்தில் ஒல்லாந்தப் படையோடு வந்து, பின்னர் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் தங்கிய பிலிப்பஸ் பல்டேயஸ் பாதிரியாரின் நூல் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியாயிற்று. அதிலே நமது கிராமங்களின் தேவாலயங்களும் கோட்டையும் மக்களும் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்ட படங்களாக இருக்கின்றன. ஆனால் அவை கறுப்புக் கோடுகள். பிற்காலத்தில் கையால் வர்ணம் தீட்டிய படிகளும் உண்டு. தீட்டியவர் பனைமரத்தை ஒருநாளும் கண்டிருக்கமாட்டார். யாழ்ப்பாணத்து நிறத்தை அம்ஸ்ரடாமில் இருந்த கூலி ஓவியன் ஒருவன் தன் மனம்போல் தீர்மானித்தான் என்றால், விறாந்தையில் இருக்கும் என் மருமகன் தீர்மானிப்பதில் என்ன குற்றம்?

அடுத்து, "எங்கட ஆக்கள்". இங்கே என் தமிழ்ப் பெருமை விழித்துக்கொண்டது. பண்டைத் தமிழனுக்குச் சீருடை துணியில் இல்லை, பூவில் இருந்தது என்று தொடங்கினேன். ஆநிரை கவரச் செல்வோன் சிவந்த வெட்சிப் பூவைச் சூடுவான். அரணை முற்றுவோனுக்கு உழிஞை. நேர்நின்று பொருவோனுக்கு வெண்மையான தும்பை. வென்றோனுக்கு வாகை. தொல்காப்பியம் புறத்திணைகளுக்குப் பெயரிட்டது இம்முறையில். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை, அரண் காப்போனுக்கு நொச்சியைத் தனித் திணையாகவே வகுத்தது. மேலும், கூடிக் கலந்த பெரும்படையில் தன் ஆள் எவன் என்று அறிவதற்காகச் சேரன் பக்கத்தார் பனம்பூவையும், பாண்டியன் பக்கத்தார் வேப்பம்பூவையும், சோழன் பக்கத்தார் ஆத்திப்பூவையும் சூடினர். உலகில் வேறெந்த மொழியின் இலக்கணமாவது போரின் கட்டங்களைப் பூக்களால் எண்ணியிருக்கிறதா என்று கேட்டு, வேலியோரம் நின்ற நொச்சியில் ஒரு கொத்துப் பறித்து அவன் கையிற் கொடுத்தேன். காய்ச்சலுக்கு ஆவி பிடிக்கத் தன் அம்மம்மா பயன்படுத்தும் அந்தச் செடியின் ஊதாப் பூ, கோட்டை காத்தவனின் அடையாளம் என்பதில் அவனுக்கு அளவற்ற மகிழ்ச்சி. அன்று மாலையே பத்துப் பேருடைய தலையில் ஊதாப் புள்ளி வைத்துவிட்டான்.

வைத்தபின் கேட்டான்: "1658இலயும் இப்பிடி வைச்சவையோ?"

இல்லை. வைத்தார்கள் என்பதற்குச் சான்று ஒன்றும் என்னிடம் இல்லை. ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்திய இலக்கிய வழக்கை எடுத்து, ஒரு குடியேற்ற நாட்டுப் போரின் கூலிப் படையாள் தலையிற் சூட்டியிருந்தேன். வரலாறு கேட்ட பிள்ளைக்கு நான் கொடுத்தது அலங்காரம். நம்மிற் பலர் மேடைகளில் நாள்தோறும் செய்வதும் இதுவே. ஊதாப் புள்ளிகளைத் துடைக்கச் சொன்னேன். "அப்ப என்ன செய்ய?" என்றான். "எல்லாருக்கும் வெள்ளை வேட்டி போடு" என்றேன். அதை ஐயமின்றிச் சொன்னேன். தமிழன் என்றால் வெள்ளை வேட்டி அல்லவா?

அந்த வேளையில்தான் என் மாணவன் வந்தான். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவன். இலக்கியப் பாடத்தில் ஐயம் தீர்க்க மாலைகளில் வருவான். தந்தை சீவல் தொழிலாளி. அவன் பேரை இங்கே எழுத வேண்டியதில்லை. பாடத்தை மறந்து பொம்மைகளின் பக்கத்தில் அமர்ந்துவிட்டான். இரு பையன்களுக்கும் நட்பு ஏற்பட ஐந்து நிமிடம் போதியதாயிருந்தது. சற்று நேரம் எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் பார்த்திருந்துவிட்டு, "சேர், பீரங்கியை இழுக்கிற ஆக்கள் எங்கை?" என்றான்.

பெட்டியில் இல்லை. சுடுவோர் இருந்தார்கள், சுமப்போர் இல்லை. தொலைதூர நாட்டில் இருந்து அச்சில் வார்த்து வரும் இந்தப் படைகளில் சுமப்பவனுக்கு வார்ப்பு இருப்பது அரிது என்று மருமகனே சொன்னான். வெடிமருந்தையும் நெல்லையும் தண்ணீரையும் அகழி வெட்டிய மண்ணையும் சுமக்காமல் எந்த முற்றுகை நடந்திருக்கும்? போர்த்துக்கேயர் பக்கத்திலும் நமது மக்கள், ஒல்லாந்தர் பக்கத்திலும் நமது மக்கள். லஸ்கோரின் என்று பேர்பெற்ற உள்ளூர்ப் படையாட்கள் ஒருபுறமிருக்க, இரு பக்கத்தார்க்கும் கீழே, எப்பக்கமும் தம் பக்கம் அல்லாத மக்களும் இருந்தார்கள். "எங்கட ஆக்கள்" என்ற சொல்லை மருமகனும் நானும் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டோம்!

மேலதிகமாக இருந்த எட்டுச் சிப்பாய்களின் துவக்குகளையும் தொப்பிகளையும் இருவருமாகச் சீவி எறிந்தார்கள். குழைத்தால் இறுகும் களியால் குடுமி வைத்தார்கள். காற்சட்டையை மூடி இடுப்புத் துணி சுற்றினார்கள். ஈர்க்கில் துண்டுகளைத் தோளிற் காவுதடியாக ஏற்றினார்கள். பின்னர் தோலுக்கு நிறம். மருமகனின் புட்டிகளில் ஒன்றின்மேல் 'தசை நிறம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அச்சிட்டிருந்தது. அதைத் திறந்து தன் முன்கையிற் சிறிது தடவிப் பார்த்த என் மாணவன் சிரித்தான். இளஞ்சிவப்பான அந்தப் பூச்சு அவன் கையிற் காய்ந்த புண்போலத் தோன்றியது. எவருடைய தசை? அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு நிறக்கட்டிகள் செய்யும் கிரயோலா நிறுவனம் இதே நிறத்துக்கு இதே பேரை வைத்திருந்து, 1962இல் அதனைப் 'பீச் பழ நிறம்' என்று மாற்றியது. கறுப்பின மக்கள் தம் உரிமைக்காக வீதியில் இறங்கிய காலம் அது. இச்செய்தியை நான் மிகுந்த உற்சாகத்தோடு பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சேர்," என்றான் என் மாணவன், தலை நிமிராமலே. "நான் ஆறாம் வகுப்பில சங்கிலியன் படம் கீறினது ஞாபகம் இருக்கோ?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவன் சொன்னபின் வந்தது. வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்காகப் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். 1619இல் போர்த்துக்கேயரிடம் நல்லூரை இழந்து, கோவாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொலையுண்ட அந்த அரசனை, இச்சிறுவன் நல்ல கறுப்பாகத் தீட்டியிருந்தான். நான் அவன் தோளைத் தட்டி, "ராசாவுக்குக் கொஞ்சம் வெளிறின நிறம் குடு, தம்பி" என்று சொல்லியிருக்கிறேன். மாமை நிறத்தின் அழகைப் பற்றி, மாந்தளிர் போன்ற கருமையைப் பழந்தமிழர் எவ்வாறு போற்றினர் என்பதைப் பற்றி, மேல்வகுப்பில் ஒரு மணி நேரம் பேசவல்லவன் நான். கீழ்வகுப்பில் ஒரு சிறுவனின் தூரிகையைப் பிடித்து அரசனை வெளுப்பாக்கியவனும் நானே. "மாத்தினனி?" என்று கேட்டேன். "மாத்தினனான் சேர். நீங்கள் சொன்னா மாத்தத்தானே வேணும்" என்றான். அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் அவன் தன் பேத்தியாரிடம் கேட்டு ஒரு செய்தி கொண்டுவந்தான். பொம்மை கூலியாட்களுக்கு வெள்ளை வேட்டி பொருந்தாது என்று ஆச்சி சொன்னதாகச் சொன்னான். அன்று மாலை நான் மருமகனையும் அழைத்துக்கொண்டு ஆச்சியிடம் போனேன். எண்பதைத் தாண்டியவர், ஓலைப்பாயில் இருந்து பாக்குச் சீவிக்கொண்டிருந்தார்.

"வெள்ளை எங்கால தம்பி எங்களுக்கு?" என்றார். "எங்கட அப்பு நாலு முழத்துண்டு முழங்காலுக்கு மேலதான். தோளில சால்வை போட்டா அடி விழும். கட்டாடியார் எங்கட துணி வெளுக்க வரமாட்டார். தோட்டக் கிணத்துச் செம்பாட்டுத் தண்ணியில அலசினா அது என்ன நிறத்துக்கு வரும்?"

வேறு விளக்கம் வேண்டியதில்லை. வெள்ளை என்பது ஒரு நிறம் அன்று; அது ஒரு வேலை. இன்னொருவர் உவர்மண்ணிட்டு அவித்து, கல்லில் அடித்து, வெயிலில் உலர்த்தி, உங்கள் படலைக்குக் கொண்டுவந்து தரும் வேலை. யாருக்கு வெளுக்கலாம், யாருக்கு வெளுக்கக்கூடாது என்று சாதி வகுத்த ஊரில் வெள்ளை வேட்டி தமிழனின் உடை அன்று. தமிழரிற் சிலரின் உடை. 1957இல் சாதிப் பாகுபாட்டைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது. ஆச்சி அவ்விரண்டையும் கண்டவர். நாற்பது ஆண்டுக்குள் பிறந்த நானோ, "எல்லாருக்கும் வெள்ளை வேட்டி" என்று ஒரே வாக்கியத்தில் முந்நூற்றறுபது ஆண்டு வரலாற்றையும் வெளுத்துவிட்டிருந்தேன்.

வீடு திரும்பும் வழியில் மருமகன் ஒரு தொழில் நுணுக்கம் சொன்னான். சின்ன உருவத்தில் தீட்டுவதற்கு எல்லா நிறத்திலும் கடினமானது வெள்ளையே என்றான். ஒரே பூச்சில் அடியில் உள்ளது தெரியும். தடித்துப் பூசினால் திரண்டு பாழாகும். நீர்க்கக் கரைத்து நான்கைந்து முறை பூசவேண்டும். தூய கருமையையும் தூய வெண்மையையும் அப்படியே வைப்பதும் இல்லை. ஓரங்குல ஆள் என்பது நூறடி தூரத்தில் நிற்கும் ஆளைப் போன்றவன். தூரத்திற் பார்க்கும்போது காற்றும் தூசியும் நிறத்தின் கூர்மையை மழுக்கிவிடும் என்பதால், கருமையைச் சாம்பலாக்கியும் சிவப்பைச் சற்று வெளிறச் செய்தும் தீட்டவேண்டும். "கிட்டப் போனாத்தான் உண்மையான நிறம் தெரியும், மாமா" என்றான். அவன் தூரிகையைப் பற்றித்தான் சொன்னான்.

அடுத்து வந்தது சிவப்பு. ஒல்லாந்தத் தளபதிக்கு ஒரு சிவந்த கச்சையாவது வேண்டும் என்று மருமகன் அடம்பிடித்தான். கொடுக்கலாம் என்றேன். ஏனெனில் சிவப்பின் வரலாறு எங்கள் மண்ணோடு சம்பந்தப்பட்டது. இங்கிலாந்துச் சிப்பாயின் செவ்வங்கி மஞ்சிட்டி இனத்து வேரொன்றின் சாயம். அவன் அதிகாரியின் அங்கியோ மெக்சிக்கோவிலிருந்து வந்த கொச்சினீல் பூச்சியின் விலையுயர்ந்த சாயம். ஒரே படை, ஒரே சிவப்பு என்று தூரத்திற் தோன்றும். கிட்டப் போனால் சிவப்பிலும் வர்க்கம் இரண்டு.

எங்கள் சிவப்புச் சாயவேரில் இருந்து வந்தது. இம்பூறல் என்றும் பெயர்பெற்ற சிறு பூண்டு. யாழ்ப்பாணத்தின் கடலோர மணலிலும் தீவுகளிலும் மன்னாரிலும் தானே முளைப்பது. அதன் நூல்போன்ற நீண்ட வேரைத் தோண்டி எடுத்து உலர்த்திப் படிகாரத்தோடு சேர்த்தாற் பருத்தித் துணியில் அழியாத செந்நிறம் ஏறும். ஒல்லாந்தர் இந்த வேரைக் கம்பனியின் தனியுரிமை ஆக்கினார்கள். தளபதி ஒருவர் தன் பின் வருவோருக்கென 1697இல் எழுதிவைத்த நிருவாகக் குறிப்பில் சாயவேரும் அதைத் தோண்டுவோரும் வருவாய்க் கணக்கில் இடம்பெறுகிறார்கள். தோண்டும் வேலை குறித்த சில மக்களின்மேல் ஊழியமாகச் சுமத்தப்பட்டது. 1707இல் தொகுத்த தேசவழமையோ அடிமைகளைச் சாதிப் பெயர் சொல்லி வகைப்படுத்திச் சட்டமாக்கியது. அடிமைமுறை இங்கே சட்டப்படி ஒழிந்தது 1844இல்.

அந்தச் சாயத்தின் முடிவும் ஒரு பாடமே. சாயவேரிலும் ஐரோப்பிய மஞ்சிட்டியிலும் உள்ள செம்பொருள் ஒன்றே; அலிசரின் என்பது அதன் பெயர். 1868இல் ஜேர்மனிய இரசாயனர் கிறேபவும் லீபர்மானும் அதை ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் பிரெஞ்சு விவசாயியின் வயலும் நமது கரையோர வேரும் ஒருங்கே விலை இழந்தன. பிரெஞ்சு அரசு 1829இல் தன் சிப்பாய்க்கு அணிவித்த செங்காற்சட்டையை 1914 வரை மாற்றவில்லை. எதிரியின் இயந்திரத் துவக்குக்குத் தூரத்திலேயே தெரியும் அந்தப் பெருமித நிறத்தோடு அவர்கள் வயல்வெளிகளில் விழுந்தார்கள். படை நிறங்களை யார் தேர்கிறார்கள், அதை அணிந்து யார் சாகிறார்கள் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுமா?

இவற்றைக் கேட்ட பையன்கள், ஒரு வேர் தோண்டுபவனையும் செய்வோம் என்று புறப்பட்டார்கள். பீரங்கியருகே குனிந்து நின்ற உருவமொன்றின் கையில் ஈர்க்கிலைக் கொடுத்ததும் தோண்டுபவன் ஆயினான். அவன் கைகளைச் சிவப்பாகத் தீட்ட வேண்டும் என்று மருமகன் சொன்னான். பார்ப்பதற்கு உருக்கமாக இருந்திருக்கும். ஆனால் அது பொய். பறித்த வேர் சிவப்பன்று. படிகாரத்தோடு சேர்ந்தபின்னரே அது சிவக்கும். தோண்டுபவன் கையில் ஒட்டுவது மணல். பூச்சூட்டி ஒருமுறை பிழைவிட்ட நான் இம்முறை அலங்காரத்துக்கு இடம் கொடுக்கவில்லை. கைக்கு மணல் நிறம், துணிக்குச் செம்பாட்டு நிறம், தோலுக்கு என் மாணவன் தானே கலந்தெடுத்த கருமண்ணிறம். சிவப்பு, தளபதியின் கச்சையில் மாத்திரம். அருகருகே வைத்தபோது பையன்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆட்டம் நடந்தது அவன் புறப்படுவதற்கு முந்திய இரவு. மட்டையால் வெட்டிய கோட்டை, அளவு நாடா, இரண்டு பகடைகள். தொடங்குமுன் மருமகன் விதியொன்றைப் புதிதாக எழுதினான்: பீரங்கி ஓரடி நகர எட்டுச் சுமையாட்கள் வேண்டும், ஒருவன் குறைந்தால் நகராது. மூன்றாம் சுற்றில் கோட்டையிலிருந்து வந்த குண்டொன்றுக்குச் சுமையாட்களில் மூவர் விழுந்தார்கள். வான் கூன்ஸ் தளபதி, சிவந்த கச்சையோடும் தன் பெரும் பீரங்கிகளோடும், நின்ற இடத்திலேயே நின்றார். சிப்பாய்களில் இருவரைச் சுமக்க விடலாமா என்று மருமகன் கேட்டான். "அவை சுமக்க மாட்டினம்" என்றான் என் மாணவன். இருவரும் சிரித்தார்கள். அன்றைய முற்றுகை முடிவின்றி நின்றது. இரவு பதினொரு மணிக்கு என் தாயார் வந்து விளக்கை அணைக்கச் சொன்னார்.

அன்றிரவு மாணவனை அவன் வீட்டுப் படலை வரை கொண்டுபோய் விட்டேன். வழியில், "அந்தப் படத்துக்கு நான் சொன்னது பிழையடா தம்பி" என்றேன். சற்று நேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தவன், "பரவாயில்லை சேர்" என்றான். பரவாயில்லை என்று அவன் சொல்லிவிட்டதால் அது இல்லாமற் போகாது என்பதை நான் அறிவேன்.

ஆசிரிய நண்பர்களே, நமது வரலாற்றுப் பாடத்தில் நாம் கேட்பவை ஆண்டும் தளபதியின் பெயருமே. கோட்டை எந்த ஆண்டு வீழ்ந்தது என்று கேட்கிறோம். பிள்ளைகள் 1658 என்று எழுதிப் புள்ளி பெறுகிறார்கள். அந்தக் கோட்டை வாசலில் நின்றவன் இடுப்பில் இருந்த துணிக்கு என்ன நிறம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடை நூலில் இராது. பாதிரியாரின் படத்திலும் இராது. பிள்ளை தன் வீட்டுக்குப் போய், ஓலைப்பாயில் இருக்கும் ஆச்சியிடம் கேட்டு வரவேண்டியிருக்கும். அதோடு, நமது நாவில் முந்திக்கொண்டு வரும் வெள்ளையைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியிருக்கும். இவ்விரண்டாவது வேலை, அனுபவத்திற் சொல்கிறேன், முதலாவதைவிடக் கடினம்.

படையை மருமகன் கொண்டுபோய்விட்டான். எட்டுச் சுமையாட்களையும் வேர் தோண்டுபவனையும் மாத்திரம் என் மாணவனுக்குக் கொடுத்துச் சென்றான். அவன் அவற்றைப் பாடசாலைக்குக் கொண்டுவந்து வகுப்பு அலுமாரியின்மேல் வைத்திருக்கிறான். கீழ்வகுப்புப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்து, "இவை ஆர், சேர்?" என்று கேட்கிறார்கள். மறுமொழியை நான் அவனிடமே விட்டுவிடுகிறேன்.